செங்காந்தளைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

தை, மாசியில் செங்காந்தள் கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். செடி பட்டுப்போனது என்று தொட்டி மண்ணைக் குப்பையில் கொட்டியவர்கள் ஏராளம். காய்ந்தது கொடி மட்டும்தான். கிழங்கு உள்ளே உறங்குகிறது. பாவம் பார்த்துத் தினமும் தண்ணீர் ஊற்றினாலும் கிழங்கு அழுகிவிடும். அந்த மாதங்களில் தொட்டியை ஈரம் படாத மூலையில் வைத்துவிட்டு, ஆனி, ஆடியில் மறுபடி தண்ணீர் காட்டினால் போதும்.

நடும்போது நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வலித்தது. கிழங்கு இரண்டு கிளையாகப் பிரிந்து கலப்பைபோல இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரே அதனால் வந்தது. முளை கிளையின் கூரிய நுனியில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த முதல் கிழங்கை மண் போகக் கழுவித் துடைத்தபோது அந்த நுனி பட்டென்று ஒடிந்தது. கை நிறையக் கிழங்கு மிஞ்சியிருந்தும் மூன்று மாதம் காத்திருந்ததில் ஒன்றும் முளைக்கவில்லை. கழுவாதீர்கள், நீர் தேங்காத மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வசமாக வையுங்கள்.

கொடி ஏறுவதற்குத் தடித்த குழாயை நட்டு வைப்பதால் பயனில்லை. இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்தச் சுருளுக்குள் அடங்குகிற நூல், மெல்லிய குச்சி, வேலிச் செடியின் கிளை இவைதான் ஏற்றவை.

பூ நிறம் மாறுவதைக் கண்டு வாடுகிறது என்று கிள்ளிவிடவும் வேண்டாம். பச்சை கலந்து விரிந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, சில நாட்களில் ஆறு இதழ்களும் முழுச்சிவப்பாகும். விரல்போல வளைந்து மேல்நோக்கும் அந்த இதழ்களைத்தான் சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிச் செங்கோணமாக மடங்கியிருப்பதையும் பாருங்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதையே விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் கையாலேயே மகரந்தம் தடவுவது இதனால்தான்.

அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்து. அளவு கொஞ்சம் மீறினாலும் உயிரைக் குடிக்கும் நஞ்சு. மாநில மலர்தானே என்று குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்துத் தின்றவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். அதனால் தோண்டியெடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தின்ற உடனே ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதுவரை பார்ப்போம் என்று வீட்டில் இருந்துவிடாமல், கிழங்கின் ஒரு துண்டையும் இலையையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தின்றார் என்பது மருத்துவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும்.