கதவின் அடியில் கொப்புளம்: பழைய மாருதி 800-இல் துரு வேலை செய்யும்போது நடக்கும் தவறுகள்

பழைய மாருதி 800-இன் கதவில் துரு தலைகாட்டும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கீழ் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள், பெயிண்ட் உப்பிய சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் அழுத்தினால் உடைந்து பழுப்புத் தூள் உதிரும். 'தேய்த்துப் பட்டி போட்டால் போச்சு' என்றுதான் தோன்றும். முதல் தவறு அதுதான். தகடு உள்பக்கமிருந்து அரித்துக்கொண்டே வந்து, கடைசியில்தான் பெயிண்டைத் தூக்குகிறது. கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதி தகடு போயிருக்கும்.

கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பீடிங் மழைத் தண்ணீரை முழுதாக நிறுத்தாது. எந்தக் காரிலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேறத்தான் செய்யும். அந்தத் துளைகளை மண்ணும் வேப்பஞ்சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் மேல் மடித்திருப்பார்கள் அல்லவா, அந்த மடிப்புக்குள் ஈரம் புகுந்துவிட்டால் சித்திரை வெயிலிலும் சட்டென்று காயாது. கடலோர ஊர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே கிரைண்டரை எடுக்கும் முன் டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டையை) கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை ஸ்குரூடிரைவரால் நெம்பி உடைப்பவர்கள் நிறையப் பேர். அதன் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய பனியன் துணியைக் கைப்பிடிக்கும் வாஷருக்கும் நடுவே விட்டு இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் வெளியே வந்துவிடும். பறந்து எங்காவது விழும், ஒரு கையை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பார்த்த பிறகுதான் ரிப்பேரா, கதவையே மாற்றுவதா என்ற முடிவு. வெளித்தகட்டின் அடியில் மட்டும் ஓட்டை என்றால் பேட்ச் போதும். உள்தகட்டின் அடியும் மடிப்பும் நீளவாக்கில் உதிர்கிறது, அல்லது ஹிஞ்ச் (கீல்) போல்ட் பிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறது என்றால் கூலியை வீணாக்காமல் வேறு கதவு தேடுவதே மேல்.

ஓட்டைக்கு மேல் ஃபைபர் துணி ஒட்டிப் பட்டியால் மூடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வேலை. பட்டி நுண்துளை உள்ள பொருள், ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் தண்ணீர் பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் அது ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிகம். பட்டியின் வேலை மேடு பள்ளத்தைச் சமன் செய்வது மட்டும்தான், 2 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை சரியில்லை என்று அர்த்தம்.

வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி ஓர் அங்குலமாவது, பளபளக்கும் கெட்டித் தகடு வரும்வரை வெட்டுங்கள். அழுகிய ஓரத்தில் வெல்டிங் பிடிக்காது, ஓட்டைதான் பெரிதாகும். பேட்சுக்கு 22 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) தகடு, அதாவது சுமார் 0.7 மி.மீ., சரியாக இருக்கும். கனமான தகட்டைப் போட்டால் அதை உருக்கும் சூட்டில் பக்கத்துத் தகடு எரிந்துவிடும். கேஸ் வெல்டிங் கதவின் வெளித்தகட்டுக்கு ஆகாது. சூடு பரவி அப்பளம் போல நெளியும். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் மின்வெல்டிங்) 0.6 மி.மீ. கம்பி, அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அடுத்த புள்ளி எதிர்முனையில். தொட்டால் கை தாங்கும் அளவு ஆறிய பிறகே இடையில் உள்ளதை நிரப்ப வேண்டும். அவசரத்தில் ஒரே இழுவையாக இழுத்த கோடு, எவ்வளவு பட்டி போட்டாலும் வெயிலில் தெரியும்.

கதவைக் கழற்றி வெளியே வைத்து வெல்டிங் செய்யுங்கள். வண்டியிலேயே செய்வதென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றியாக வேண்டும், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் கட்டாயம். கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள்: கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் மணல் தூவியது போல ஒட்டிக்கொள்ளும், பிறகு வராது.

துருவை மாற்றும் திரவமான ரஸ்ட் கன்வர்டர் மந்திர மருந்து அல்ல. செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். கம்பி பிரஷால் செதிலை எடுத்த பிறகு, குழிகளில் மிஞ்சிய மெல்லிய கறைக்குத்தான் அது. வெற்றுத் தகட்டின் மேல் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். நீர்த் தாள் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்துவிட்டு இரவு அப்படியே விட்டால், காலையில் ஆரஞ்சு நிறப் படலம் நிற்கும். அதை மூடி அடித்த பெயிண்ட் மறுபடியும் உப்பும்.

பெயிண்ட் வேலையில் கண்ணுக்குத் தப்பும் தவறு ஒன்று உண்டு. மடிப்பை சீலண்ட் வைத்து மூடும்போது வடிகால் துளையையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். துளைகளில் தீக்குச்சி செருகி வைத்துவிட்டு சீலண்ட் போடச் சொல்லுங்கள். கதவுக்குள் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பதும் இதே வகைதான், விரிசல் விட்டதும் பின்னால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதவின் உள்வெற்றிடத்தில் அடிக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸ் தான் சரி. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, மடிப்புக்குள் ஊறும்படி நீளக் குழாயால் அடிக்க வேண்டும்.

கதவையே மாற்றுகிறவர்கள் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடங்களில் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பெயிண்ட் உரியாதபடி காந்தத்தைத் துணியில் சுற்றி அடி விளிம்பு நெடுக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. மாடலும் பொருந்த வேண்டும். 1983 முதல் 1986 வரை வந்த முதல் 800-இன் பாடி வேறு, அதற்குப் பின் வந்தது வேறு. புதிய கதவு என்றால் அதன் கறுப்புப் பூச்சைத் தின்னர் துணியால் துடைத்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அது கடைக்கு வந்து சேரும்வரை துரு பிடிக்காமலிருக்க அடித்த வெறும் வழிப்பயணப் பூச்சு, முழுதும் எடுத்துவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டும்.

பழைய கதவைக் கழற்றும் முன் ஹிஞ்சைச் சுற்றிக் கூர்முனையால் கோடு கீறுங்கள். கதவடியில் ஜாக்கி, நடுவே மடித்த சாக்கு, பிடிக்க இன்னோர் ஆள். பெயிண்ட் அடிக்காமல் முதலில் பொருத்திப் பார்ப்பது முக்கியம். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை ஹிஞ்சில் சரிசெய்த பிறகே லாக் ஸ்டிரைக்கரை (லாக் போய்க் கவ்வும், பாடியில் உள்ள கொக்கியை) தொட வேண்டும். தொங்கும் கதவை ஸ்டிரைக்கரால் தூக்கி நிறுத்தினால் லாக் சீக்கிரம் தேயும்.

டோர் பேடுக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் கிழித்தது அப்படியே கிடக்கும். கிழிந்திருந்தால் புதுத் தாள் ஒட்டுங்கள். எந்தத் தாளை ஒட்டும்போதும் அதன் அடி ஓரம் கதவின் உள்பக்கமாக இறங்க வேண்டும், வெளியே தொங்கக் கூடாது. பேடை மூடும் முன், ஏற்றி வைத்த கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். கீழே எல்லாத் துளையிலிருந்தும் சொட்ட வேண்டும். தாளின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் மறுபடி ஒட்டுங்கள்.