வியட்நாம் மாணவருக்கு உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஆன்லைனில் வியட்நாம் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹனோயிலோ ஹோ சி மின் நகரத்திலோ இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் (உச்சம் 9) 6 வாங்கியிருப்பார், 7 வேண்டும். இலக்கணம் ஓரளவு சரியாக இருக்கும். சொற்கள் மட்டும் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயிருக்கும்.

அவருடைய போனில் நிச்சயம் ஒரு பிடிஎஃப் இருக்கும்: ‘பிளெத்தோரா’, ‘மிரியட்’ மாதிரி பந்தாவான சொற்களின் பட்டியல். முதல் வகுப்பிலேயே அதை ஓரங்கட்டுங்கள். எழுத்துத் தேர்விலும் பேச்சுத் தேர்விலும் சொல்வளத்துக்கு 25 சதவீத மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அரிய சொல்லை எழுதிவிட்டதற்காக மட்டும் யாரும் மார்க் போடுவதில்லை. அந்தச் சொல் அந்த இடத்தில் பொருந்துகிறதா, பக்கத்துச் சொல்லோடு சேர்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

படி 1: பட்டியலைக் கையில் எடுங்கள்

2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கும் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், கல்விசார் நூல்களையும் கட்டுரைகளையும் அலசி ஒரு பட்டியல் வெளியிட்டார். அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்று பெயர். அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரே சொல்லின் பல உருவங்கள் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. கல்விசார்ந்த ஆங்கிலத்தில் பத்துக்கு ஒரு சொல் இதிலிருந்துதான் வருகிறது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

பட்டியல் பத்துப் பகுதிகளாக இருக்கும். முதல் பகுதியில் உள்ள 60 சொற்களை மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறி போடச் சொல்லுங்கள்: பார்த்ததில்லை, பார்த்திருக்கிறேன், எழுதுவேன். ‘கான்செப்ட்’, ‘அசெஸ்’, ‘அப்ரோச்’ எல்லாமே ‘பார்த்திருக்கிறேன்’ வரிசையில் போய் உட்காரும். உங்கள் வேலை அந்த நடு வரிசையில்தான். புதுச் சொல் தேடி அலைவது அப்புறம்.

படி 2: அவருடைய மொழியிலேயே இருக்கும் புதையல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடும் படியும் இதுதான்.

சுமார் ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சியில் இருந்த நாடு வியட்நாம். விடுதலை அடைந்த பிறகும் அரசவையிலும் தேர்வுக்கூடத்திலும் சீன எழுத்துதான் கோலோச்சியது. பழைய முறை அரசுத் தேர்வு ஹுவே நகரில் கடைசியாக நடந்தது 1919இல். எழுத்து போனாலும் சொற்கள் போகவில்லை. தமிழில் வடசொல் கலந்த மாதிரிதான், ஆனால் அதைவிட அடர்த்தியாக. இந்தச் சொல்லடுக்கை அவர்கள் ‘ஹான் வியெட்’ என்கிறார்கள். செய்தித்தாள், சட்டம், பாடநூல் எல்லாம் இதில்தான் ஓடும்.

உதாரணத்துக்கு ‘குவான்’ என்ற வேர். பார்ப்பது என்று பொருள். ‘குவான் ஸாட்’ என்றால் கவனித்துப் பார்த்தல். ‘லாக்’ மகிழ்ச்சி, ஆகவே ‘லாக் குவான்’ என்றால் நம்பிக்கையான பார்வை, ஆங்கிலத்தின் ‘ஆப்டிமிஸ்டிக்’. ‘பி’ துயரம், ‘பி குவான்’ என்றால் ‘பெசிமிஸ்டிக்’. ‘சூ’ வீட்டுக்காரர், ‘காக்’ விருந்தாளி. ‘சூ குவான்’ வீட்டுக்காரர் பார்வை, அதாவது ‘சப்ஜெக்டிவ்’. ‘காக் குவான்’ விருந்தாளி பார்வை, ‘ஆப்ஜெக்டிவ்’. நடுநிலைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

இப்போது ஆங்கிலப் பக்கம் வாருங்கள். ‘ஸ்பெக்ட்’ என்ற லத்தீன் வேரும் பார்ப்பதுதான். ‘இன்ஸ்பெக்ட்’ உள்ளே பார்ப்பது, ‘ப்ராஸ்பெக்ட்’ முன்னே பார்ப்பது, ‘ரெட்ரோஸ்பெக்ட்’ பின்னே பார்ப்பது, ‘இன்ட்ரோஸ்பெக்‌ஷன்’ தன்னையே பார்ப்பது. வேரோடு வேர் சேர்த்துச் சொல் கட்டும் வித்தை உங்கள் மாணவருக்குக் கைவந்த கலை. ஆங்கிலத்திலும் அதே வித்தைதான் நடக்கிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவே.

இந்தப் பொருத்தம் பல இடங்களில் தற்செயலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கருத்துகளுக்கு ஜப்பானியர்கள் சீன எழுத்துகளைக் கொண்டு புதுச்சொற்கள் உருவாக்கினார்கள். அவற்றில் பல சீனம் வழியாக வியட்நாமுக்கு வந்து சேர்ந்தன. ‘சூ குவான்’, ‘காக் குவான்’ இரண்டும் அந்தக் கூட்டம்தான்.

மாணவரை ஒரு நோட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி (இடது வியட்நாமியம், வலது ஆங்கிலம்), முன்னொட்டு பின்னொட்டுகளிலிருந்து தொடங்குங்கள். ‘பட்’ என்றால் இல்லாமை: ‘பட் பின் டாங்’, ‘இன்ஈக்வாலிட்டி’. ‘ஃபி’ என்றால் அல்லாதது: ‘ஃபி லோய் ஞுவன்’, ‘நான்-ப்ராஃபிட்’. ‘டா’ என்றால் பல: ‘டா குவோக் யா’, ‘மல்டிநேஷனல்’. ‘தாய்’ என்றால் மறுபடியும் (அம்மா இல்லை): ‘தாய் சே’, ‘ரீசைக்கிள்’. பின்னால் ஒட்டும் ‘ஹ்வா’ என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுவது: ‘டோ தி ஹ்வா’ என்றால் நகரமயமாதல், ‘அர்பனைசேஷன்’; ‘துவான் கவ் ஹ்வா’ என்றால் ‘குளோபலைசேஷன்’. தேர்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் தலைப்புகள் இவை. இடது பக்கத்தை மாணவரே நிரப்பட்டும், நீங்கள் வேரை மட்டும் சொன்னால் போதும்.

மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள வித்தியாசம் போன்ற ஒன்றையும் இதே அடுக்கை வைத்துப் புரியவைக்கலாம். பெண்ணைக் குறிக்க நாட்டுச் சொல் ‘டான் பா’, ஹான் வியெட் சொல் ‘ஃபு நூ’. இரண்டாவதுதான் மரியாதை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலக் கட்டுரையில் ‘கெட்’ போட்ட இடத்தில் ‘அப்டெய்ன்’ ஏன் என்று கேட்டால், இந்த ஜோடியைக் காட்டுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. பேச்சு வழக்கில் ‘சூ குவான்’ என்றால் மெத்தனம் என்றும் அர்த்தம். மெத்தனமாக இருக்காதே என்று சொல்ல நினைத்து, ‘டோன்ட் பி சப்ஜெக்டிவ்’ என்று எழுதிவிடுவார்கள். அங்கே வர வேண்டியது ‘கம்ப்ளேசன்ட்’. இப்படி இரட்டை வேடம் போடும் சொற்களுக்குச் சிவப்பு மையில் தனிப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள்.

படி 3: ஒரே சொல், நான்கு உருவம்

வியட்நாமிய மொழியில் சொல் உருமாறாது. காலம், எண், பால் எதற்கும் விகுதி கிடையாது. ‘தான் கோங்’ என்ற ஒரே சொல் வெற்றி என்ற பெயராகவும் வரும், வெற்றிபெறு என்ற வினையாகவும் வரும், வெற்றிகரமான என்ற அடையாகவும் வரும். ஆங்கிலத்தில் அதற்கு ‘சக்சஸ்’, ‘சக்சீட்’, ‘சக்சஸ்ஃபுல்’, ‘சக்சஸ்ஃபுல்லி’ என்று நான்கு. ‘ஐ சக்சஸ் இன் தி எக்ஸாம்’ என்ற வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே சொல்லைத் தனியாகக் கற்கவே கூடாது. பெயர், வினை, பெயரடை, வினையடை என்று நான்கு கட்டம் போட்டு, படி 1இன் நடு வரிசைச் சொற்களை அதில் நிரப்பட்டும். எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டும் என்றில்லை. இல்லாத உருவத்துக்கு ஒரு கோடு போட்டால் போதும்.

படி 4: சொல்லுக்குத் துணை யார்?

வியட்நாமியத்தில் பெருமழையை ‘முவா தோ’ என்பார்கள், அப்படியே மாற்றினால் ‘பிக் ரெய்ன்’. ஆங்கிலக்காரர் ‘ஹெவி ரெய்ன்’ என்பார். மருந்து அங்கே குடிக்கப்படுவது, ஆங்கிலத்தில் ‘டேக்’. தெற்கே விளக்கைத் ‘திறப்பார்கள்’, ஆகவே ‘ஓபன் தி லைட்’. அறிவைக் ‘கற்பார்கள்’, ஆகவே ‘லேர்ன் நாலெட்ஜ்’. வர வேண்டியது ‘அக்வயர்’. சிரமத்துக்கு மன்னிக்கவும் என்ற இடத்தில் ‘ப்ளீஸ் சிம்பதைஸ்’ என்று எழுதிய அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். ‘தோங் காம்’ என்ற பண்பான சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு அது.

இதற்கு இருமொழி அகராதி உதவாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே கற்பவர்களுக்கான அகராதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. சொற்சேர்க்கைக்கு ஓஸ்டிக் என்ற தளம் நன்றாக இருக்கும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அதோடு சேரும் ஒரு வினையையும் ஒரு பெயரடையையும் மட்டும் எடுத்து எழுதினால் போதும்.

படி 5: காதுக்கு எட்டாத சொல் மனதில் நிற்காது

வியட்நாமிய அசையின் முடிவில் ப், ட், க், ம், ன், ங் போன்ற சில மெய்கள்தான் வர முடியும். ‘ஸ்’, ‘ல்’ கிடையாது. ‘ஐ’ என்ற ஒலிக்குப் பிறகு எந்த மெய்யுமே வராது. விளைவு? ‘நைஸ்’, ‘நைன்’, ‘நைட்’, ‘நைஃப்’ நான்குமே ‘நை’ ஆகிவிடும். உயர்நிலைச் சொற்களில் இந்த விழுங்கல் பொருளையே மாற்றும். ‘எகனாமிக்ஸ்’ என்று சொல்ல நினைத்தது ‘எகனாமிக்’ என்று வெளியே வரும். புதுச் சொல்லைச் சொல்லும்போது கடைசி மெய்யை வேண்டுமென்றே இழுத்து, மிகைப்படுத்திச் சொல்லவையுங்கள். கூச்சம் போய்விடும்.

அடுத்தது அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது. ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘ஃபொட்டாகிரஃபி’ இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். ‘ஷன்’, ‘இக்’ என்று முடியும் சொற்களில் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்ற ஒரு விதி, படி 1 பட்டியலில் நிறையச் சொற்களைக் காப்பாற்றும். இந்த இடத்தில் நமக்கும் பாடம் இருக்கிறது. தமிழிலும் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை, ஆகவே அகராதியில் ஒலியைக் கேட்காமல் நீங்களே சொல்லிக் காட்டிவிடாதீர்கள். அவர்களிடம் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள், அதாவது தொனிகள், ஆறு இருக்கின்றன (தெற்கே ஐந்து). அழுத்தம் விழும் அசைமேல் ‘ஸாக்’ என்ற ஏறுதொனிக் குறியைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் தொடக்கத்தில் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பழகியதும் குறியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலம் முழுக்கப் பாட்டாகிவிடும்.

சொல்லுக்கு அடியில் உச்சரிப்பை வியட்நாமிய எழுத்தில் எழுதும் வழக்கம் மட்டும் வேண்டாம். அங்கே ‘ஸ்’ என்று எழுதவே இரண்டு எழுத்து இருக்கிறது, சொல்லின் கடைசியில் வைக்கத்தான் வழியில்லை.

படி 6: அட்டை, பிறகு பத்தி

சொல் அட்டைகளுக்கான ஆங்கி செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். காகித அட்டைதான் பிடிக்கும் என்றால் ஐந்து அறை உள்ள பெட்டி போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறை இது.

அட்டையின் முன்பக்கம் பொருளை எழுதாமல், கோடிட்ட இடமுள்ள ஒரு வாக்கியத்தை எழுதட்டும். வெள்ளத்தைப் பற்றிய வாக்கியத்தில் ‘ரெய்ன்’ இருக்கும், அதற்கு முன்னால் வெற்றிடம். பின்பக்கம் ‘ஹெவி’, அதன் மற்ற உருவங்கள், அழுத்தக் குறி. நாளைக்கு ஐந்து புதுச் சொல் போதும். இருபது என்று ஆரம்பிப்பவர் இரண்டாவது வாரத்தில் காணாமல் போவார்.

வாரக் கடைசியில் அந்தச் சொற்களில் நான்கைந்தை வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். தலைப்பு ஊர்ப்பக்கமாக இருக்கட்டும்: ஹோ சி மின் நகரத்து மோட்டார் சைக்கிள் நெரிசல், மேகாங் ஆற்றுப்படுகையில் வயலுக்குள் ஏறும் உப்புநீர். திருத்தும்போது சரியான சொல்லை நீங்கள் எழுதிக்கொடுக்காதீர்கள். தவறான இடத்தில் அடிக்கோடு மட்டும் போட்டு, சொல் தப்பா, உருவம் தப்பா, துணை தப்பா என்று 2, 3, 4 என்ற படி எண்ணை ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். அகராதியைப் பார்த்து அவர் கண்டுபிடிக்கும் விடைதான் அடுத்த வாரத்தின் முதல் அட்டை.