மாட்டுவண்டிச் சக்கரம் கோத்துப் பட்டை போடும் முறை

பர்மாவில் சக்கர வேலையைத் தை முதல் சித்திரை வரையிலான வறண்ட மாதங்களில் முடித்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பியிருக்கும் மரத்தின்மேல் எவ்வளவு இறுக்கமாக இரும்புப் பட்டை ஏற்றினாலும், அறுவடை முடிந்து மூட்டை ஏற்றும் நாளில் மரம் சுருங்கிப் பட்டை ஆடத் தொடங்கிவிடும். பெகு, தட்டோன் பக்கத்து நம் விவசாயிகள் படும் சிரமங்களில் பெரும்பகுதி இதனால் வருவதே என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள கலீசியாவின் பழைய பண்ணை வண்டிகளில் சக்கரம் அச்சோடு இறுகியிருக்க, அச்சும் சேர்ந்தே சுழலும். நம் வண்டியில் அச்சு அசையாமல் நிற்க, சக்கரத்தின் நடுக்கட்டையான குடம் மட்டும் சுழல்வதால், தேய்மானம் குடத்தின் துளையில் விழுகிறது. ஆகவே குடத்துக்குப் பியின்கடோ அல்லது படௌக் போன்ற கனமான மரத்தின் வைரப் பகுதியை, வெடிப்பில்லாமல் நிழலில் உலர்த்தி எடுத்து, துளைக்குள் இரும்பு உருளையையும் இரு முனைகளில் பூண்களையும் இறுக்க வேண்டும். தேக்கை வண்டியின் மேல்தட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குடத்தில் 12 ஆரக்கால்களை அடித்து இறக்கிய பின், இரண்டு ஆரக்கால்களுக்கு ஒரு வட்டை (சக்கரத்தின் வெளிவட்டமாக அமையும் வளைந்த மரத்துண்டு) வீதம் 6 வட்டைகளை முளை வைத்துக் கோக்க வேண்டும். வட்டைகள் ஒன்றையொன்று முட்டக் கூடாது. ஒவ்வொரு மூட்டிலும் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி இருந்தால்தான் பட்டை சுருங்கும்போது மூட்டுகள் நெருங்கி வந்து கடிக்கும்.

அடுத்ததே உயிரான வேலை. வட்டையின் விளிம்பில் ஓர் அடையாளமிட்டு, நேராகக் கிடத்திய இரும்புப் பட்டையின்மேல் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டி, அந்த நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்துக்கு அது ஏறக்குறைய 188 அங்குலம் வரும். பட்டையின் முனைகளை ஒட்டி வளையமாக்கும்போது, உட்சுற்றளவு அதைவிட அரை அங்குலம் குறைவாக அமைய வேண்டும். அதற்கும் மேல் குறைத்தால் ஆரக்கால்கள் வளைந்து நிற்கும். குறைக்காவிட்டால் பிடிப்பே இராது.

வளையத்தைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கிச் சீராகச் சூடேற்ற வேண்டும். ஒரு மரச்சிராயை வைத்தவுடன் அது புகைந்து கருகினால் சூடு போதுமானது. செக்கச்சிவக்கக் காய்ச்சினால் வட்டை எரிந்துபோகும். பின் இருவர் மூவர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, சுத்தியலால் சுற்றிலும் தட்டிச் சமன்செய்த கையோடு தண்ணீரை விட வேண்டும். அப்போது மூட்டுகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று நெருங்கும் ஓசை கேட்கும். ஓசை வராத இடத்தை உடனே பார்க்க வேண்டும்.

தளர்ந்த சக்கரத்தைக் குளத்தில் ஊறப்போடுவது சில நாள்களுக்கே உதவும். பட்டையை வெட்டிக் குறுக்கி மறுபடி ஏற்றுவதே சரியான வழி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் தடவி, சக்கரத்தை மாட்டிக் கடையாணியைச் செருகிய பிறகு, குடம் பக்கவாட்டில் ஒரு நூல் அளவு நகர இடம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு மாட்டைப் பூட்டலாம்.