ஐந்தாவது சனிக்கிழமை: வாரச் சம்பளத்தில் ஒரு வீட்டுக் கணக்கு

நாங்கள் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து திருப்பூர் வந்து பதினாறு வருஷம் ஆகிறது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங், ஷிப்ட் சம்பளம். வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். ரெண்டு பேருக்குமே சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். சிக்கனத்தைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தாலும் "ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்களுக்கு ஒண்ணாம் தேதி வருகிறவர் வீட்டுக்காரம்மா, வாடகை கேட்டு. அதனால் வாரச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்காக, நான் ஏழெட்டு வருஷமாகப் போட்டுவரும் கணக்கை எழுதுகிறேன்.

முதலில் வருமானம். நல்ல வாரத்தை மனசில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ஆர்டர் நிறைய இருந்தால் 6,500 கொண்டுவருவார், மந்தமான வாரம் 3,600. கடைசிப் பன்னிரண்டு வாரச் சம்பளத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் மிகக் குறைந்த மூன்றை எடுத்துக் கூட்டி மூன்றால் வகுங்கள். அவருக்கு 3,600, 4,000, 4,400. வகுத்தால் 4,000. எனக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 3,300 வரும், லீவு போகிற வாரங்களையும் சேர்த்து 3,000 என்று வைத்திருக்கிறேன். ஆக எங்கள் வீட்டின் வாரச் சம்பளம் 7,000. அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் வரவில்லை என்றே நினைத்துக்கொள்கிறோம். அந்த மேல்பணம் 'மந்தம்' என்று எழுதிய கவருக்குப் போகும்.

இந்தக் கவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது. ஆறு நாளும் போய்வந்தும் என் கைக்கு 2,200தான். அவருக்குச் சில நாள் துணியே வரவில்லை. அப்போது மந்தம் கவரில் 8,000 ரூபாய் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் 7,000க்கு எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் அதிலிருந்து எடுத்து நிரப்பினோம். ஆறு வாரம் தாங்கியது. அந்த ஆறு வாரமும் யாரிடமும் போய் நிற்கவில்லை.

இனி செலவு. இதில்தான் வாரச் சம்பளக்காரர்கள் பலர் தடுக்கி விழுகிறோம். செலவை ரெண்டு பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். வாடகை, ஊரில் அத்தைக்கு அனுப்புவது, மகள் ட்யூஷன், போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. (மாசாமாசம் கட்டுகிற சேமிப்பு), கரண்ட் பில், இதெல்லாம் மாசச் செலவு. மாசத்தில் எத்தனை வாரம் இருந்தாலும் தொகை மாறாது. மளிகை, காய்கறி, பால், கேஸ், பெட்ரோல், கடை டீ இதெல்லாம் நாள் ஓட ஓடக் கரைவது. போன் ரீசார்ஜையும் இந்தப் பக்கமே எழுதுங்கள். மாச பிளான் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 28 நாள்தான். வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை போடுகிறோம்.

மாசச் செலவு ஒவ்வொன்றையும் நாலால் வகுக்க வேண்டும். வாடகை 5,200 என்றால் வாரம் 1,300. அத்தைக்கு 1,600, வாரம் 400. ட்யூஷன் 1,000, வாரம் 250. ஆர்.டி. 1,000, அதுவும் 250. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை 800 வரை வரும், எட்டு வாரத்துக்குப் பிரித்தால் 100. மொத்தம் 2,300. சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்ததும், பரோட்டாக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், இந்த 2,300 கவரில் ஏறிவிட வேண்டும். கம்பெனியில் கொடுத்த பழைய சம்பளக் கவர்களையே வைத்திருக்கிறேன், மேலே பேர் மட்டும் எழுதியிருக்கிறேன். இப்போது பல கம்பெனிகளில் சம்பளம் அக்கவுண்டில் ஏறுகிறது. அவர்கள் இன்னொரு அக்கவுண்ட் வைத்துக்கொண்டு, அதை போனில் ஜிபேயோடு சேர்க்காமல் விட்டு, மாசச் செலவுப் பணத்தை சனிக்கிழமையே அங்கே தள்ளிவிடலாம். டீக்கடையில் ஸ்கேன் பண்ணும்போது வாடகைப் பணம் கண்ணில் படக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு 52 வாரம். மாசத்துக்கு நாலு சனிக்கிழமை என்று வகுத்தோம், பன்னிரண்டு மாசத்துக்கு 48. மிச்சம் நாலு சனிக்கிழமை இருக்கிறது. 2017இல் மளிகைக்கடை காலண்டரில் சம்பள நாளை வட்டம் போட்டு எண்ணும்போதுதான் இது எனக்கே புரிந்தது. அதுவரை அந்த நாலு வாரப் பணமும் வந்த தடம் தெரியாமல் போயிருக்கிறது. 2026இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நாலு மாசத்திலும் ஐந்து சனிக்கிழமை.

ஐந்தாவது வாரத்தில் சோறு தின்ன வேண்டாமா என்று எங்கள் லைன் வீட்டு அக்கா ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. மளிகையும் பாலும் அந்த வாரமும் ஓடும். அதனால் முழுச் சம்பளமும் மிச்சமாகாது. ஆனால் வாடகையும் மற்றதும் நாலு வாரத்திலேயே நிரம்பிவிட்டதே, அதற்கு எடுத்துவைக்கும் 2,300 மட்டும் அந்த வாரம் நம்முடையது. நாலு தடவைக்கு 9,200. சீட்டு போடாமல், ஓவர்டைம் பார்க்காமல், வாயைக் கட்டாமல் வருகிற பணம்.

அந்தப் பணம் எதற்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது. ஜனவரி பணம் பொங்கல் லீவில் குறைகிற சம்பளத்துக்கு. மே மாசத்துப் பணம் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது. ஆகஸ்ட் பணம் மந்தம் கவருக்கு. அக்டோபர் 31 சம்பளம் தீபாவளிக்கு ஊர் போகிற பஸ்ஸுக்கும் பிள்ளைகள் துணிக்கும், ஏனென்றால் நவம்பர் 8 தீபாவளி. துணிக்கும் பஸ்ஸுக்கும் இப்படி வழி பண்ணிவிட்டால் போனஸில் கை வைக்க வேண்டியதில்லை. சட்டப்படி போனஸ் குறைந்தது வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம். அடகில் இருக்கும் நகையை மீட்க வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் மொத்தமாகப் பணம் கிடைக்கும்.

ஆர்.டி. பற்றி ஒரு சின்ன யோசனை. போஸ்ட் ஆபீஸில் மாசம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருஷம். 6.7 சதவீத வட்டியில் மாசம் 1,000 கட்டினால் கட்டியது 60,000, கைக்கு வருவது 71,000க்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை கடனாகவும் வாங்கலாம். 15ஆம் தேதிக்குள் அக்கவுண்ட் ஆரம்பித்தால் ஒவ்வொரு மாசமும் 15க்குள் கட்ட வேண்டும். 16க்கு மேல் ஆரம்பித்தால் மாசக் கடைசி வரை நேரம் உண்டு. நாலு வாரம் சேர்த்துக் கட்டுகிற நமக்கு ரெண்டாவதுதான் தோது.

மற்ற சிக்கனங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரேஷன் கார்டை இன்னும் ஊரிலேயே வைத்திருப்பவர்கள் இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குக் காலை ஆறு மணிக்கே போனால் வேலைக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) நூற்றுக்கு 75 பைசா பிடிக்கிறார்கள், அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். எங்களிடம் அது இல்லாததால்தான் 2014இல் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது வார வட்டிக்குப் போனோம்.

பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். 1,500தானே வட்டி என்று நினைத்தோம். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசலும் திரும்பப் போகிறது. ஆறாவது வாரத்தில் பாதிக்கு மேல் கொடுத்து முடித்தாயிற்று, வட்டி மட்டும் முழுத்தொகைக்கு. கணக்குத் தெரிந்த ஒரு சூப்பர்வைசர் அண்ணன் போட்டுக் காட்டினார், மாசத்துக்கு நூற்றுக்குப் பதிமூன்று ரூபாய் வட்டி. பேங்கில் நகையை வைத்தால் வருஷத்துக்கே ஒன்பது, பத்து ரூபாய் சுற்றித்தான் வரும். காதில் கிடக்கும் ஒரு கிராம் தோடாக இருந்தாலும் முதலில் பேங்குக்குப் போங்கள்.

ஏற்கனவே வார வட்டியில் இருக்கிறவர்கள் ஆர்.டி.யும் வேண்டாம், மந்தம் கவரும் வேண்டாம். நாலால் வகுக்கிற கணக்கை மட்டும் இந்தச் சனிக்கிழமை ஆரம்பியுங்கள். ஐந்தாவது சனிக்கிழமை மிஞ்சுவதை வழக்கமான தவணையோடு சேர்த்துக் கடன் கொடுத்தவரிடமே கொடுத்து, நோட்டில் அன்றைக்கே கழித்து எழுதச் சொல்லுங்கள். வட்டியையும் குறைத்துக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்ததற்கு 200 ரூபாய் தள்ளிக் கொடுத்தார். நாங்கள் கேட்டதால்தான் கொடுத்தார்.