லாபப் பங்கு வரவில்லையா? ஸ்டுடியோ கணக்கைக் கேள்வி கேட்பது எப்படி

ஹாலிவுட் இயக்குநருக்குப் பணம் இரண்டு வழியில் வருகிறது: தவணைச் சம்பளம், லாபப் பங்கு. தவணை நின்றுபோனால், அது எந்தக் கட்டத்தில் (முன்தயாரிப்பு, படப்பிடிப்பு, இயக்குநரே தொகுத்துத் தரும் ‘டைரக்டர்ஸ் கட்’, ஒப்படைப்பு) தரப்பட வேண்டியது என்று ஒப்பந்தப் பிரிவைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். இயக்குநர்களின் தொழிற்சங்கமான டைரக்டர்ஸ் கில்ட் உறுப்பினர் என்றால் அங்கேயும் உடனே சொல்லுங்கள். பெரிய சண்டையெல்லாம் லாபப் பங்கில்தான்.

பாக்ஸ் ஆபீஸ் தொகையை வைத்து வாதாடாதீர்கள். அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும். ஒப்பந்தப் பின்னிணைப்பில் ‘நிகர லாபம்’ என்பதற்கு என்ன வரையறை என்று வரிவரியாகப் படியுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: ஸ்டுடியோ கைக்கு வந்தது 10 கோடி டாலர். தயாரிப்புச் செலவு 4 கோடி, விளம்பரமும் தியேட்டர் பிரதிகளும் 3.5 கோடி. மிச்சம் 2.5 கோடி என்று தோன்றும். ஆனால் ஸ்டுடியோ தன் விநியோகக் கட்டணமாக 30 சதவீதம், அதாவது 3 கோடி எடுக்கும். தயாரிப்பின் மேல் 15 சதவீத நிர்வாகச் செலவு 60 லட்சம், விளம்பரத்தின் மேல் 10 சதவீதம் 35 லட்சம். இப்போது 1.45 கோடி நஷ்டம், வட்டி தனி. இதில் எதுவும் பொய்க்கணக்கு இல்லை, எல்லாம் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது. அதனால்தான் ‘அநியாயம்’ என்று கத்துவதைவிட, ஒப்பந்தத்தை மீறிய கணக்குப் பதிவைத் தேடிப் பிடிப்பது பலன் தரும்.

அதற்குக் கணக்குத் தணிக்கை வேண்டும், அதுவும் திரைப்பட லாபக் கணக்கு பார்த்துப் பழகிய தணிக்கையாளரிடம். அவர் பார்க்க வேண்டியவை: வீடியோ வருமானத்தில் 20 சதவீதம் மட்டும் கணக்கில் காட்டப்பட்டதா, பல படங்களைச் சேர்த்து டிவிக்கு விற்றபோது உங்கள் படத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், வரிச்சலுகையாகத் திரும்பி வந்த பணம் செலவிலிருந்து கழிக்கப்பட்டதா, சொந்தக் குழும நிறுவனத்துக்கே மலிவாக உரிமை கொடுத்தார்களா. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 2005-இல் நியூ லைன் ஸ்டுடியோ மீது போட்ட வழக்கும் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தின் வருமானக் கணக்கைப் பற்றியதுதான், 2007-இல் சமரசமானது.

பலர் கோட்டை விடுவது காலக்கெடுவில். ஒவ்வொரு கணக்கு அறிக்கைக்கும் ஆட்சேபிக்கக் கெடு உண்டு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு. கடந்துவிட்டால் அந்த அறிக்கை இறுதியாகிவிடும். தணிக்கைக்கு வரிசையில் காத்திருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அறிக்கை கிடைத்ததுமே எந்தெந்தக் கணக்குப் பதிவை மறுக்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கெடுவை நிறுத்திவைக்கும் உடன்பாட்டில் ஸ்டுடியோவின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற போன் பேச்சு எதற்கும் உதவாது.

பிறகு தணிக்கை அறிக்கையோடு கோரிக்கைக் கடிதம், பேச்சுவார்த்தை, கடைசியாக நடுவர் மன்றமோ வழக்கோ. பெரும்பாலானவை பேச்சிலேயே முடியும். அப்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். தவறான கணக்குப் பதிவுகளை வருங்கால அறிக்கைகளிலும் திருத்த ஒப்புக்கொள்ள வையுங்கள். இனி வரும் ஸ்ட்ரீமிங், அடுத்த பாக உரிமைகளையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும் வாசகம் சமரசப் பத்திரத்தில் இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.