முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்கப் போகிறவர்களுக்கு

முதலில் கோயிலைச் சரியாகப் பிடியுங்கள். நெல்லைப் பக்கம் சித்திரை, வைகாசி, ஆடி என்று கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாக் கொடையிலும் முத்துப்பட்டன் கதை பாட மாட்டார்கள். எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமியின் கதைதான் பாட்டு. அதனால் பட்டவராயன் பீடம் இருக்கிற கோயிலா, இந்த வருஷம் பட்டன் கதை உண்டா, எப்போது பாடுவார்கள் என்று ஊர்க்காரர் யாரிடமாவது விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பட்டவராயன் என்றால் முத்துப்பட்டன்தான், செத்த பிறகு சாமியாகக் கும்பிடப்படுகிறவன்.

கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் அது முன்பே தெரியும். பட்டன் பிராமணன், அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டுப் போனவன். பாபநாசம் மலைப்பக்கம் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காதங்கையைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். அவர்கள் அப்பா செருப்புத் தைக்கும் குலத்து வாலப்பகடை. குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டு, செருப்புத் தைக்கப் பழகி வா, பெண் தருகிறேன் என்கிறார், அவனும் அப்படியே செய்கிறான். கல்யாணமான ராத்திரியே மாமனார் கிடையில் மாட்டைக் கள்ளர் ஓட்டிக்கொண்டு போனதாகச் சேதி வர, போய்ச் சண்டை போட்டு மீட்கிறான். அப்புறம் ஒளிந்திருந்த ஒருவன் கையால் சாகிறான், மனைவிகள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் ஒன்றைக் காது கொடுத்துக் கவனியுங்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பாடுகிற வடிவம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அது பின்னால் ஒட்டிய ஒட்டு. அந்தப் பிறப்புக் கதையை நுழைத்தால் பட்டன் பூணூலை அறுத்ததற்கே பொருள் இல்லாமல் போகிறது. எந்த வடிவத்தைப் பாடுகிறார்கள் என்பதை வைத்தே அந்த ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துகொள்ளலாம்.

உட்காரும் இடம் முக்கியம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், மணிச்சத்தம் மட்டும்தான் மிஞ்சும். குடம் அடிப்பவர் கை தெரிகிற மாதிரி முன்னால் தரையில் உட்காருங்கள். வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, புலவர் வீசுகோலால் நாணில் தட்டும்போது வில்லில் கட்டிய மணிகள் மொத்தமும் குலுங்கும், அதற்கு ஈடாக உடுக்கும் ஜால்ராவும் கட்டையும் போகும். பேச்சாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் பாட்டுக்கு மாறப்போகிறார் என்பதைக் குடத்தின் அடி முன்கூட்டியே காட்டிவிடும். தொடக்கத்தில் பாடும் காப்பும் குருவணக்கமும் நீளமாகத்தான் போகும், எழுந்து போகாதீர்கள்.

பட்டன் சாகிற இடம் வரும்போது ஒன்றும் பேசாமல் இருங்கள். வேகம் ஏறும், குலவை கேட்கும், சாமியாடிகளுக்கு அருள் வரும். அந்தச் சாவைப் பாடுவதுதான் சாமியை வரவழைக்கிறது, சும்மா கதை கேட்கிற நேரம் இல்லை அது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு குறுக்கே போகாதீர்கள், சாமியாடி வரும் வழியை விட்டு விலகி நில்லுங்கள், திருநீறு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் இடத்தையே பார்க்க நினைப்பவர்கள் அம்பாசமுத்திரம், பாபநாசம் வழியாகக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போங்கள். பட்டவராயனுக்குப் பொம்மக்கா, திம்மக்காவோடு அங்கே தனிச் சன்னதி இருக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கையாகத் தோல் செருப்பு கொண்டுவந்து வைப்பார்கள். ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம், குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குவார்கள். நிதானமாகக் கும்பிட வேண்டுமென்றால் வேறு மாதத்தில் போங்கள். முண்டந்துறைப் புலிக்காட்டுக்குள் இருக்கிற கோயில் என்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக முடியும், நேரக் கட்டுப்பாட்டை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோகாதீர்கள்.