கெஸ்ட் கணினியின் திரை கறுத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக மெய்நிகர் கணினி (ஹோஸ்ட் எனப்படும் உண்மையான கணினிக்குள் மென்பொருளாக ஓடும் ‘கெஸ்ட்’) அமைப்பவர்கள் நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். மின்சேமிப்பு அமைப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேசையிலும் மடியிலும் வைத்துப் பயன்படுத்தும் கணினிகளுக்காக வகுத்த அந்த அமைப்புகள் கெஸ்ட்டுக்குள்ளும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

கறுத்த திரையைப் பார்த்ததும் ரீசெட் அழுத்துவது

இதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. திரை மட்டும் அணைந்திருந்தால் உள்ளே வேலை ஓடிக்கொண்டிருக்கும். கணினியே உறங்கியிருந்தால் வேலை நிற்கும். ஆனால் நினைவகத்தில் இருந்தது அப்படியே இருக்கும். ரீசெட் அழுத்தினால் அதுவும் போய்விடும்.

உடன் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் கெஸ்ட் ஒன்றில் பெரிய தரவுத்தளத்தை ஏற்றத் தொடங்கிவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் திரை கறுப்பு. உறைந்துவிட்டது என்று முடிவுகட்டி ரீசெட் கொடுத்தார். பாதி ஏறிய அட்டவணைகளைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. 2018இல் வந்த க்னோம் 3.28 (லினக்ஸில் சாளரங்களையும் மெனுக்களையும் காட்டும் மேசைச் சூழல்), மின் இணைப்பில் இருக்கும் கணினியும் 20 நிமிடம் சும்மா இருந்தால் உறங்கும்படி இயல்புநிலையை மாற்றியது. விசைப்பலகையையும் மவுஸையும் யாரும் தொடவில்லை என்றால் அதன் கணக்கில் கணினி சும்மா இருக்கிறது. பின்னணியில் ஏறும் தரவு அதன் கண்ணில் படாது.

முதலில் ஹோஸ்டிலிருந்து பிங் செய்யுங்கள், அதாவது பிணையம் வழியே கெஸ்ட் பதில் தருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் கணினி விழித்திருக்கிறது. எஸ்எஸ்எச் (பிணையம் வழியே கட்டளை கொடுக்கும் வசதி) வழியே உள்ளே போய்ப் பார்க்கலாம். (விண்டோஸ் கெஸ்ட்டில் ஃபயர்வால் பிங்கைத் தடுப்பதுண்டு, அங்கே இதை மட்டும் நம்ப வேண்டாம்.) பதில் வராவிட்டால் நிலையைப் பாருங்கள். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில், விர்ஷ் என்ற கட்டளைக் கருவியின் பட்டியல் ‘பிஎம்சஸ்பெண்டட்’ (உறங்குகிறது) என்று காட்டினால், ‘டாம்பிஎம்வேக்கப்’ கட்டளை கொடுத்து எழுப்பலாம்.

திரை அணையும் நேரத்தை மட்டும் மாற்றுவது

திரை அணைவதும் கணினி உறங்குவதும் தனித்தனி அமைப்புகள். உங்கள் பயனர் கணக்கில் இரண்டையும் நிறுத்தினாலும் உள்நுழைவுத் திரையை அது கட்டுப்படுத்தாது. க்னோமில் அந்தத் திரையைக் காட்டும் ஜிடிஎம்முக்கு அமைப்பு வேறு. யாரும் உள்நுழையாத கெஸ்ட் அங்கிருந்தே உறங்கிப் போகக்கூடும். சர்வராக ஓடும் லினக்ஸ் கெஸ்ட் என்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட் டார்கெட்டுகளை (உறக்க நிலைகளை) மாஸ்க் செய்து, அதாவது இயங்கவே முடியாதபடி முடக்கிவிடுங்கள்.

மின்சாரம் மிச்சமாகும் என்று கெஸ்ட் திரையை அணைப்பது

மிச்சமாகாது. மேசையில் ஒளிர்வது ஹோஸ்டின் திரை.

அசையும் ஸ்கிரீன்சேவர்

நீக்கிவிடுங்கள். 3டி முடுக்கம் இல்லாத கெஸ்ட்டில் அதை வரைய ஹோஸ்டின் செயலிதான் உழைக்கிறது.

ஹோஸ்ட் உறங்குவதை மறப்பது

மடிக்கணினியின் மூடியை மூடினால் உள்ளே ஓடும் கெஸ்ட்டுகளும் நின்றுபோகும். எழுந்ததும் ஒவ்வொன்றின் கடிகாரத்தையும் பாருங்கள். நேரம் பின்தங்கியிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பிலும் நேரம் குறித்துவைத்த வேலைகளிலும் குழப்பம் வரும்.